லயத்துக் கோயிலும் மூன்று பதிவேடுகளும்: கெடா தோட்டப் பட்டணத்துப் பங்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எங்கள் கத்தோலிக்கப் பங்கு அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் மூன்று குடும்பப் பதிவேடுகள் இருக்கின்றன. முதல் பதிவேட்டில் முகவரிக்கான கட்டத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன் எனும் தோட்டப் பிரிவு, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டின் எண் ஆகியவை மட்டுமே காணப்படும். ஒரு குடும்பத்தைத் தேடிப் போக அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது பதிவேட்டில் அதே முகவரிகள் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவதில் தாமான் எனும் குடியிருப்பின் பெயரும் புளோக் எழுத்தும் மாடி எண்ணும் கைப்பேசி எண்ணும் வந்துவிடுகின்றன. இரண்டாவதில் அடிக்கப்பட்டு, மூன்றாவதில் எங்குமே வராத குடும்பங்களும் உண்டு. ஓர் ஆயரின் பொறுப்பில் பல பங்குகள் சேர்ந்த நாட்டுப்புற மறைமாவட்டம் ஒன்றின் வளர்ச்சியை ஆராய முனைந்த எனக்கு, கட்டப்பட்ட கோயில்களின் வரிசையைக் காட்டிலும் விடுபட்ட அந்தப் பெயர்களே சரியான தொடக்கமாகப் பட்டன.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பங்கு, மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டப் பட்டணத்தில் உள்ளது. பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பின்னாளில் அந்தப் பங்கின் பேரவைச் செயலாளராகச் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் இதை எழுதுகிறேன். குடும்பங்களின் தனியுரிமையைக் கருதி ஊர், தோட்டங்கள், மக்கள் ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மறைமாவட்டம் வந்த வழி

பினாங்கு மறைமாவட்டம் 1955 பிப்ரவரி 25 அன்று நிறுவப்பட்டது. பினாங்கு, கெடா, பெர்லிஸ், பேராக், கிளந்தான் ஆகிய ஐந்து மாநிலங்களும் சேர்ந்த, ஏறத்தாழ 47,000 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு அதன் எல்லைக்குள் அடங்குகிறது. ஜார்ஜ்டவுன், ஈப்போ போன்ற நகரங்கள் அதற்குள் இருந்தாலும், பரப்பில் பெரும்பகுதி வயலும் காடும் தோட்டமும்தான். அதற்கு முன் இப்பகுதி 1888-இல் மீண்டும் அமைக்கப்பட்ட மலாக்கா மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் இங்கே பணியாற்றினர். அவர்களில் பலர் தமிழ் கற்றுத் தமிழில் பிரசங்கம் செய்தார்கள். 1880களில் ரெனே ஃபே அடிகளார் பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று ஒரு குடியேற்றத்தை ஏற்படுத்தினார். நெல் விளையும் அந்த ஊருக்குச் சூசைப்பாளையம் என்று பெயர். அவரே 1896-இல் மலாக்காவின் ஆயரானார்.

சூசைப்பாளையத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வந்தவர்கள் சொந்த நிலத்தில் குடியேறினார்கள், கோயிலும் அவர்கள் நிலத்திலேயே எழுந்தது. எங்கள் பக்கத்துக்கு வந்தவர்களுக்கோ நிலம் இல்லை. 1877-இல் முதல் ரப்பர் கன்றுகள் மலாயாவுக்கு வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் காட்டுத் தீ போலப் பரவியபோது, கங்காணிகளின் வழியே கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தபோதும், 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்தபோதும் அவர்கள் வீடு தோட்ட நிர்வாகியான துரையின் வீடாகவே இருந்தது. வேலை இருந்தால் வீடு. வேலை போனால் வீடும் போகும். கத்தோலிக்கக் கோயில் அந்த வீட்டுக்கு இரண்டு அடி தள்ளி, அதே துரையின் மண்ணில் நின்றது. எங்கள் பங்கின் பிற்காலத் துன்பம் முழுவதற்கும் வேர் இதுதான் என்று கருதுகிறேன்.

தோட்டக் கோயில் நடந்த விதம்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் டிவிஷனில் தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட அந்தோணியார் கோயில் ஒன்று இருந்தது. மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று கட்டித் தொங்கும். விடியற்காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு அடிக்கும் துண்டைப் போன்றதே அதுவும், ஆனால் ஒலி சற்று மெல்லியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பங்குத்தந்தை மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரே செபமாலை சொல்லி, நற்செய்தி வாசித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். அவரும் வார நாள்களில் பால் வெட்டியவர்தான். நோயாளி படுத்துவிட்டால் முதலில் ஓடிப்போவதும், கலியாணப் பேச்சில் நடுவில் உட்காருவதும், குடித்துவிட்டு மனைவியை அடித்தவனைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்பதும் அவர் வேலையாக இருந்தன.

கள்ளுக்கடை பற்றி ஒரு சொல் சேர்க்காமல் இதைக் கடக்க முடியாது. கெடா தோட்டங்களில் கள் எத்தனை குடும்பங்களை அரித்தது என்பதை, 1947-இல் பீடோங், ஹார்வர்ட் தோட்டப் பகுதிகளில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிக் கிளர்ந்தெழுந்த வரலாறே சொல்லும். அந்த எழுச்சியில் மதம் பார்த்து யாரும் நிற்கவில்லை. எங்கள் உபதேசியாரின் தலைமுறை மதுவிலக்கைத் திருச்சபையின் தனி வேலையாகக் கொள்ளாமல் தோட்டத்தின் பொது வேலையாகக் கொண்டதற்கு அந்த நினைவு ஒரு காரணம்.

திருவிழா நாளில் சப்பரம் லயத்தைச் சுற்றி வரும்போது, இந்து வீடுகளும் வாசல் தெளித்துக் கோலமிட்டுக் குத்துவிளக்கு ஏற்றிவைக்கும். சப்பரம் தூக்குபவர்களில் பாதிப்பேர் திருநீறு பூசியவர்கள். தீமிதிக்குச் சமைக்கும் அண்டாவும் அந்தோணியார் திருவிழாவுக்குச் சமைக்கும் அண்டாவும் ஒன்றே. ஜூலை வந்தால் தோட்டத்து லாரியில் ஏறிப் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போவோம். 1888-இல் எழுந்த அந்தப் பழைய கோயிலும் மலையடிவாரமும் எங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை கிடைத்த வெளியுலகம். ஜூலை 26-ஐ ஒட்டி மெழுகுவத்தி ஏந்திப் பவனி போன அந்த இரவுகளில்தான், நம்மைப் போலவே பாகான் செராயிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள் என்பதையும், சீனர்களும் இதே அன்னம்மாளைக் கும்பிடுகிறார்கள் என்பதையும் கண்டோம். 2002-இல் அங்கே பெரிய புதிய கோயில் எழுந்தது. 2019-இல் அத்தலம் பசிலிக்கா என்ற தகுதியைப் பெற்றது. எங்கள் ஊர்ப் பாட்டிமார்களுக்கு அது இன்றும் ‘அன்னம்மா மலை’.

இந்த ஒழுங்கில் குறைகள் இருந்தன. தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சாதி பார்த்துப் பெண் கொடுத்தார்கள், சில இடங்களில் கல்லறையிலும் அது தெரிந்தது. ஆயினும் ஒரு குடும்பம் காணாமற்போவது என்பது அந்த ஒழுங்கில் நடக்க இயலாத காரியம்.

1976-இன் கேள்வி

வெளிநாட்டுக் குருக்கள் நாட்டில் தங்கும் காலத்துக்கு அரசாங்கம் வரம்பு விதித்த பின்பு, பிரெஞ்சுக் குருக்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. 1808 முதல் பினாங்கில் இயங்கும் பொதுக் குருமடம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்கினாலும், தேவைக்கு அது போதவில்லை. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் மூன்று மறைமாவட்டங்களையும் சேர்ந்த குருக்கள் ஒரு மாத காலம் ஒன்றுகூடித் தங்கள் திருச்சபையை மறுபரிசீலனை செய்தார்கள். அதன் மையமான முடிவுகளுள் ஒன்று, குருவையும் கட்டடத்தையும் மட்டும் நம்பியிராமல் அக்கம்பக்கத்து வீடுகளில் கூடும் சிறு குழுக்களாகத் திருச்சபையை அமைப்பது. தமிழில் நாம் அன்பியம் என்கிறோம். சுங்கை பட்டாணியில் 1932-இல் பிறந்த சோத்தர் பெர்னாண்டஸ் 1978-இல் பினாங்கின் ஆயரானது இந்தச் சூழலில்தான். கெடா மண்ணின் பிள்ளை அவர். பின்னர் கோலாலம்பூர் பேராயராகவும், 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலாகவும் உயர்ந்து, 2020 அக்டோபரில் மறைந்தார். 1983 முதல் 2012 வரை பினாங்கின் ஆயராக இருந்த அந்தோணி செல்வநாயகமும் தமிழர். 1986, 1996, 2006, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்த மேய்ப்புப்பணி மாநாடுகளும் அதே திசையை மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தின.

எங்கள் ஊரில் அன்பியம் முதல் முறை வேர்விடவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு அழைத்தபோது, “சாமி, சாயங்காலம் ஆனா நாங்க எல்லாரும் ஒரே வாசப்படியிலதான குந்தியிருக்கோம், இதுக்கு மேல என்னத்தக் கூடுறது?” என்று ஒரு பெரியம்மா கேட்டதாக என் தாய் சொல்வார். அந்தக் கேள்வி நியாயமானது. ஒரே சுவரைப் பகிர்ந்து வாழும் லயத்து மக்களுக்கு அக்கம்பக்கத்தை யாரும் ஏற்படுத்தித் தர வேண்டியதில்லை. மறைமாவட்டம் கொடுத்த மருந்து சரியானது; நோய் இன்னும் எங்களிடம் வந்து சேரவில்லை. 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையின்போது நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைதானார்கள். அவர்களில் திருச்சபையின் சமூகப் பணியாளர்களும் இருந்த செய்தி வந்ததும், வீடுகளில் கூடுவதற்கே சிலர் அஞ்சினார்கள். அதன்பின் பல ஆண்டுகளுக்கு அன்பியம் எங்கள் பங்கின் பலகையில் எழுதப்பட்ட ஒரு சொல்லாக மட்டும் இருந்தது.

லயம் கலைந்தது

ரப்பர் விலை சரிந்து செம்பனை பரவியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை; குத்தகையாளர்கள் வழியே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வரத் தொடங்கினார்கள். கூலிமில் 1990களில் எழுந்த உயர்தொழில்நுட்பப் பூங்கா, பினாங்கின் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகள் ஆகியவை இளையவர்களை இழுத்தன. பட்டணத்தை ஒட்டிய நிலம் வீடமைப்புக்கு விலைபோனது. எங்கள் தோட்டத்தின் முறை வந்தபோது நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியது. மலிவுவிலை வீடு கிடைத்தவர்கள் போனார்கள். கிடைக்காதவர்கள் ஆற்றோரத்திலும் உறவினர் வீட்டுப் பின்புறத்திலும் பலகை வீடு கட்டினார்கள். சிலர் இரவோடு இரவாகப் பேராக் பக்கம் இன்னொரு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த நாள்களில் பங்குப் பேரவை என்ன செய்தது என்பதைக் குறிப்பேட்டில் தேடிப் படித்தேன். கோயில் நிலம் யாருடையது, சுருபத்தை எங்கே வைப்பது, தண்டவாள மணியைப் பட்டணக் கோயிலுக்குக் கொண்டுவரலாமா, கல்லறைகளுக்கு வேலி போட நிர்வாகம் சம்மதிக்குமா என்பனவே கூட்டத்துக்குக் கூட்டம் பேசப்பட்டிருக்கின்றன. அவை அற்பமானவை அல்ல. கல்லறையில் என் பாட்டனார் இருக்கிறார். ஆனால் எந்தக் குடும்பம் எங்கே போகிறது என்ற கேள்வி ஒரு கூட்டத்திலும் எழவில்லை. நானும் அந்தப் பேரவையில் இருந்தேன். சுருபத்தைப் பவனியாக எடுத்துவந்து பட்டணக் கோயிலின் பக்கப் பீடத்தில் வைத்தோம், கண்ணீர் விட்டோம், படம் பிடித்தோம். அந்தோணியாரைக் காப்பாற்றிவிட்டோம், அவரைக் கும்பிட்டவர்களை எண்ணத் தவறினோம்.

விடுபட்டவர்கள் யார் என்று பின்னர் பார்த்தபோது ஒரு வடிவம் தெரிந்தது. விதவைகள், இரண்டாம் கலியாணத்தால் கோயிலுக்கு வரக் கூசியவர்கள், கலப்பு மணத் தம்பதியர், அடையாள ஆவணம் சரியாக இல்லாதவர்கள். வீடு வாங்கக் கடன் கேட்டால் முதலில் கேட்கப்படுவது அடையாள அட்டை. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிமுறை வந்தபோது பலர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இங்கேயே தங்கியவர்களில் சிலர் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள், அவர்களில் சிலரின் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமே எடுக்கப்படவில்லை. தோட்டத்துக்குள் இருந்தவரை அந்தக் காகிதக் குறை வெளியே தெரியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையும் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் முகம் பார்த்து ஏற்றுக்கொண்டன. வெளியே வந்ததும் அதுவே முதல் சுவராக நின்றது.

மாடிப்படி ஏறிய பெண்கள்

திருப்பம் பேரவையிலிருந்து வரவில்லை. அடுக்குமாடி வீட்டுக்குப் போன பெண்களில் சிலர், லிப்ட் பழுதான புளோக்கில் நான்காவது மாடியில் இறந்த ஒரு கிழவருக்கு மூன்று நாள் கழித்தே செய்தி அறிந்து போனார்கள். லயத்தில் இருமல் சத்தம் மாறினாலே தெரியும். அந்த வெட்கம் அவர்களை எழுப்பியது. அக்டோபர் செபமாலை மாதத்தில், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று மாடிமாடியாக ஏறினார்கள். செபம் முடிந்ததும் நீங்கள் எந்தத் தோட்டம், எந்த லயம், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டு ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீடும் இரண்டு மூன்று விடுபட்ட வீடுகளுக்கு வழி சொன்னது. அந்தப் புத்தகமே எங்கள் மூன்றாவது பதிவேட்டின் தாய்ப்பிரதி. கருத்தரங்குகளால் எங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியாத அன்பியத்தை அந்த அக்காமார்கள் பெயர் சொல்லாமலே தொடங்கிவிட்டார்கள். பங்குத்தந்தை பின்னால் வந்து அதற்குப் பெயர் வைத்தார்.

கூடிய இடத்தில் வந்து விழுந்த தேவைகளே சமூகப் பணியைத் தீர்மானித்தன. முதலாவது, ஆவணம். 1930களிலிருந்து எங்கள் கோயிலில் இருக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பிறந்த நாள், பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன. பிறப்புப் பத்திரமும் மருத்துவமனைச் சீட்டும் இல்லாத ஒருவருக்கு, அவர் இன்ன தோட்டத்தில் இன்னாருக்குப் பிறந்தவர் என்று சொல்லும் எழுத்து அது ஒன்றுதான். 2011-இல் இந்திய சமூகத்தினருக்காக மைடஃப்தார் பதிவு இயக்கம் நடந்தபோது, நாங்கள் அந்தப் பதிவுகளைப் படியெடுத்து, இன்னும் உயிரோடிருந்த ஞானப்பெற்றோர்களைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு போனோம். எல்லோருக்கும் பயன் கிட்டிவிடவில்லை. ஆனால் ஞானத்தாய் என்ற உறவு, பூசையில் மெழுகுவத்தி பிடிப்பதோடு முடிவதில்லை என்பதை நான் அன்றைக்கு அலுவலக வரிசையில் நின்று கண்டேன். கத்தோலிக்கப் பதிவு இல்லாத இந்துக் குடும்பங்களும் எங்களிடம் வந்தார்கள். பழைய உபதேசியாரின் மகன் அவர்களுக்கும் விண்ணப்பம் எழுதினார்.

பின்பு பிள்ளைகளின் மாலை வகுப்பு தொடங்கியது. எஸ்.பி.எம். எனும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்பே பள்ளியை விட்டுவிடும் ஆண்பிள்ளைகளே பெருங்கவலை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் ஆண்டில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதைக் கண்டு, அந்த வயதினரையே முதலில் சேர்த்தோம். வின்சென்ட் தே பவுல் சபையினர் மருந்துச் செலவையும் வீட்டு வாடகை நிலுவையையும் பார்த்துக்கொண்டார்கள். சாவுச் செலவுக்கு மாதந்தோறும் சில வெள்ளி (ரிங்கிட்) சேர்க்கும் நிதி ஒன்று, பழைய தோட்டத்து மரண சகாய நிதியின் மாதிரியில், சமய வேறுபாடு இல்லாமல் நடக்கிறது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில்கள் மூடப்பட்டபோது இந்த அமைப்பு சோதிக்கப்பட்டது. குருவும் இல்லை, கட்டடமும் இல்லை. எந்த வீட்டில் நாள்கூலி நின்றுவிட்டது, எந்த வீட்டில் நீரிழிவு மருந்து தீரப் போகிறது என்பதை அன்பியத் தலைவிகளின் கைப்பேசிகள் அறிந்திருந்தன. 2021-இல் நாடெங்கும் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் நிலை வந்தபோது, எங்கள் புளோக்குகளில் கொடி ஏறுவதற்கு முன்பே அரிசி ஏறிவிட்ட வீடுகள் இருந்தன. 1976-இல் குருக்கள் எதற்காக அந்த முடிவை எடுத்தார்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

லயத்தில் மீண்டும் விளக்கு

நாங்கள் விட்டுவந்த தோட்டத்தில் ஒரு பகுதி இன்னும் செம்பனையாக நிற்கிறது. அங்கே எஞ்சிய இரண்டு லயங்களில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள்; புளோரஸ் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஒரு நாள் கல்லறையைச் சுத்தம் செய்யப் போன எங்கள் பெண்கள், இடிந்த அந்தோணியார் கோயிலின் சிமெண்டுப் பீடத்தில் மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி எரிவதைப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே அவர்கள் அந்த இடத்தை அறிந்திருந்தார்கள். இப்போது மாதம் ஒரு ஞாயிறு மலாய் மொழியில் திருப்பலி நடக்கிறது. சபா, சரவாக்கிலிருந்து கூலிம் தொழிற்சாலைகளுக்கு வந்த இளையவர்களும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள். தமிழ்ப் பங்காகவே தன்னை எண்ணிப் பழகிய எங்கள் சமூகத்தில் இதற்கு முணுமுணுப்பு எழாமல் இல்லை. ‘நம்ம கோயில்’ என்று சொன்ன ஒரு பெரியவரிடம், “அண்ணே, நம்ம தாத்தாவும் இப்படித்தானே ஒரு பெட்டியோட வந்தாரு” என்று ஓர் அக்கா சொன்னதும் அவர் பேச்சை விட்டுவிட்டார்.

வளர்ச்சி என்று எதைச் சொல்வது என்பதில் எனக்கும் பேரவையில் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்கு வருவோர் என் இளமைக்காலத்தைவிடக் குறைவு. இளையவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் நாடு முழுவதும் இன்று ஏறத்தாழ 530; எங்கள் தோட்டத்துப் பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறிப் பிழைத்துக்கொண்டது, பிள்ளைகளில் ஒரு பகுதியினர் தமிழ் வாசிக்கத் தெரியாமலே புதுநன்மைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகச் செபத்தை உரோமன் எழுத்தில் அச்சிட வேண்டும் என்பவர்களும், வேண்டாம், மாலை வகுப்பில் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுப்போம் என்பவர்களும் இருக்கிறோம். நான் இரண்டாவது பக்கம். சுமை முழுவதும் ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் முழங்காலில் இருக்கிறது என்பது எண்ணிக்கைக் குறைவைவிட எனக்குப் பெரிய கவலை. அவர்களுக்குப் பின் மாடிப்படி ஏற ஆண்களில் எவரும் இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

மூன்றாவது பதிவேட்டில் ‘வந்த இடம்’ என்று ஒரு கட்டத்தைப் பெண்கள் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலான வரிகளில் அதில் தோட்டத்தின் பெயரும் லயத்து எண்ணும் இருக்கின்றன. அண்மை வரிகளில் புளோரஸின் லாரந்துக்கா, மௌமேரே, சபாவின் கெனிங்காவ் என்ற ஊர்ப்பெயர்கள் வருகின்றன. இரண்டாவது பதிவேட்டில் அடிபட்டு, இதுவரை எங்கும் எழுதப்படாத குடும்பங்களின் பட்டியலைத் தனித்தாளில் எடுத்திருக்கிறோம். அன்னம்மாள் நவநாளுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் கூடுவதால், அந்தத் தாளைப் படியெடுத்து, பேராக்கிலிருந்து வரும் பங்குகளிடம் கொடுப்பதென்று இந்த ஆண்டு முடிவு செய்திருக்கிறோம்.